சைக்கிளுக்குக் காத்து இருக்கோ?

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் திறக்கிறார்களாம். அதற்கு ஒரு மலர் வெளியிடுகிறார்களாம். வேலையில் இருந்து இளைப்பாறியவர்கள் தங்கள் சேவைக்கால அனுபவத்தை எழுதித் தரவேண்டும் என்று ஒரு தாதிப் பிள்ளை முள்ளியவளைக்கு என் வீடு தேடி வந்து கேட்டது. கையில் ஒரு கடிதமும் தந்தது. கடிதத்தில் "தங்களது மேலான சேவை" என்று கிடந்தது. நான் செய்தது வேலை. மாதம் முடியச் சம்பளம் எடுத்தேன். வேலையில் இருந்த காலத்தில் அதை ஒருவரும் சேவை என்று சொல்லவில்லை. இளைப்பாறிய மறுநாள்தான் அது சேவையாக மாறியிருக்க வேண்டும்.

நான் நாலாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம், முக்கால் பக்கம் என்று எழுதி இது முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்காக ஒருவரும் பாவம் பார்க்க வேண்டாம். சம்பளப் பதிவில் ஒருநாளும் நான் பெருவிரல் நீட்டியவள் அல்ல. எழுத்துப் பிழை இருந்தால் அந்தப் பிள்ளை திருத்தட்டும். சொல்லை மட்டும் மாற்ற வேண்டாம்.

என் வேலைக்குக் கந்தோரில் வைத்த பெயர் சிற்றூழியர். நான் ஐந்தடி எட்டு அங்குலம். எங்கள் அப்போதிக்கரி ஐயா என் தோளுக்கு வருவார். ஆனால் நான்தான் சிறியவள். கழுவுவது, துடைப்பது, கட்டில் விரிப்பது, நோயாளியைத் தூக்குவது, தள்ளுவண்டி தள்ளுவது எல்லாம் என் வேலை. எனக்கு வேலை பழக்கிய தாதி அம்மா மூன்று கிழமை பழக்கினார். பழக்கி முடித்து அவர் சொன்ன கடைசிச் சொல், "பாக்கியம், கையை அடிக்கடி கழுவு, வாயைக் கழுவாதை" என்பது. வாயைத் திறந்து எதையும் கொட்டிவிடாதே என்று அவர் சொன்னார். ஆஸ்பத்திரியில் சொல் எவ்வளவு பாரமான சாமான் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பிறகு நான் அதைக் கவனிக்கத் தொடங்கினேன். சுகமில்லாமல் வருகிறவரைப் பார்த்து "எப்பிடிச் சுகம்?" என்று கேட்போம். அவரும் "சுகம்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் விழுவார். எங்கள் ஊரில் புறப்படுகிற எவரும் "போறன்" என்று சொல்லார். "போட்டு வாறன்" என்பார். ஆஸ்பத்திரியில் மட்டும் அது ஆகாது. சுகமாகி வீட்டுக்குப் போகிறவர் வாய் தவறி "போட்டு வாறன் அக்கா" என்றால், நான் முகத்துக்கு நேரே "வராதேங்கோ" என்பேன். அவரும் சந்தோசமாகத் தலையாட்டிவிட்டுப் போவார். இனி வராதே என்று வாழ்த்தி அனுப்புகிற வேலை வேறு யாருக்கு வாய்க்கும்?

சாவுக்கு மாத்திரம் எங்கள் சனத்திடம் சொல் இல்லை. மாடு சாகும். கோழி சாகும். மழை பிந்தினால் பயிர் சாகும். மனிதர் சாவதில்லை. தவறிவிடுவார், மோசம் போவார், கண்ணை மூடுவார். பிறகு வானொலியில் "அன்னார்" ஆகிவிடுவார். உயிரோடு இருந்த நாளில் பெண்சாதிகூட அவரை அன்னார் என்று கூப்பிட்டிருக்க மாட்டார். அறிவித்தலை உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும் என்று வேறு சொல்வார்கள். எத்தனையோ பேரின் உற்றார் உறவினரை நான் பார்த்திருக்கிறேன். ஏற்றுக்கொண்ட ஒருவரைக் காணவில்லை.

பெரிய டொக்டர் இல்லாத எங்கள் ஆஸ்பத்திரிக்கு அப்போதிக்கரி ஐயாதான் டொக்டர். மெலிந்த மனிதர். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்க ஆணி தொலைந்துபோய், அந்தக் காலத்தில் வேறு ஆணி கிடைக்காமல், காயம் தைக்கிற நூலால் கட்டியிருந்தார். அவர் ஒருநாளும் கட்டளையிட்டதில்லை. கேள்விதான் கேட்பார். "பாக்கியம், அந்தக் கட்டிலுக்குக் கீழை தண்ணி கிடக்கோ?" என்றால் துடை என்று அர்த்தம். "இண்டைக்கு வெள்ளிக்கிழமையோ?" என்றால் விரிப்பு மாற்றவில்லை என்று அர்த்தம். நானும் பதில் சொல்லமாட்டேன். எழும்பிப் போய்ச் செய்வேன். பதினாறு வருசம் நாங்கள் அப்படித்தான் கதைத்தோம்.

ஒருவருடைய மூச்சு நின்றால் ஐயா தன் மணிக்கூட்டைக் கழற்றி இடது உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். நெஞ்சில் குழாயை வைத்து ஒரு நிமிடம் முழுதாகக் கேட்பார். பிறகு போய்க் கதிரையில் இருப்பார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் வந்து கேட்பார். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஒருவரும் அழக்கூடாது, ஒன்றையும் மூடக்கூடாது. இரண்டாவது முறையும் கேட்ட பிறகுதான் என்னைப் பார்ப்பார். நான் பஞ்சை நனைத்துக் கண்ணை மூடுவேன். வாய் திறவாதபடி நாடியைத் துணிப்பட்டியால் உச்சியோடு சேர்த்துக் கட்டுவேன். கால் பெருவிரல் இரண்டையும் கட்டுவேன். விரிப்பைக் கழுத்துவரைக்கும்தான் இழுப்பேன். "முகத்தை மூடுறது வீட்டுக்காரற்றை வேலை" என்று ஐயா முதல் நாளே சொல்லியிருந்தார்.

அதன் பிறகு ஐயா கை கழுவிக்கொண்டு விறாந்தைக்கு வருவார். வானத்தைப் பார்ப்பார். பிறகு கேட்பார்:

"பாக்கியம், சைக்கிளுக்குக் காத்து இருக்கோ?"

அது சண்டையால் பெற்றோல் வராத காலம். அம்புலன்ஸ் கொட்டிலுக்குள் நின்றது. கோழி அதற்குள் ஏறி முட்டையிட்டது. ரெலிபோன் ஊரிலேயே இல்லை. பிள்ளைகளைப் பராமரிக்கவும் தோட்டம் பார்க்கவும் சனம் வீட்டுக்குப் போய்விடும். வாட்டில் நோயாளி தனியேதான் கிடப்பார். ஆகவே ஆள் முடிந்தால் வீட்டுக்குச் செய்தி கொண்டுபோவது நான். சைக்கிளுக்குக் காற்று எப்போதும் இருந்தது. காலையில் நான் வேலைக்கு வெளிக்கிடமுன் என்னைக் கட்டிய மனிதர் அடித்து வைத்துவிடுவார். அவர் வயல் செய்கிற கமக்காரர். அதிகம் கதைக்கமாட்டார். காற்றடிப்பார்.

செய்தி சொல்வதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். சைக்கிளை வேலியில் சாத்துவேன். முதலில் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பேன். செய்தி சொன்னால் அது துடக்கு வீடு. பிறகு அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க முடியாது. எனக்கோ திரும்பவும் மூன்று, நாலு மைல் கட்டை தூரம் சைக்கிள் உழக்கவேண்டும். குடித்து முடித்துச் செம்பைக் கொடுத்துவிட்டுச் சொல்வேன்: "ஐயாவுக்குக் கொஞ்சம் கடுமையாக் கிடக்கு. உடன வெளிக்கிட்டு வாங்கோ. ரண்டு பேரா வாங்கோ. வரேக்கை ஒரு வேட்டியும் எடுத்துக்கொண்டு வாங்கோ." சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டேன். சைக்கிள் கைப்பிடியைப் பார்ப்பேன். கடுமையாகக் கிடக்கிறவருக்கு ஏன் வேட்டி என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

கொஞ்சக் காலத்தில் நான் வாய் திறக்கவே தேவையில்லாமல் போயிற்று. என் சைக்கிள் வந்தாலே போதும். குளத்துக்கட்டில் எதிரே வருகிற ஆண்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். பெண்கள் படலையடிக்கு வந்து நான் எந்த ஒழுங்கைக்குள் திரும்புகிறேன் என்று பார்ப்பார்கள். ஒருநாள் முருங்கைக்காய் வாங்கலாம் என்று ஒரு வீட்டுப் படலையில் இறங்கினேன். அந்த வீட்டு அன்னம்மாக்கா என்னைக் கண்டதும் "ஐயோ என்ரை ராசா" என்று நிலத்தில் விழுந்துவிட்டார். அந்த ராசா, அவருடைய மனிதர், பின் வளவில் விறகு கொத்திக்கொண்டு நின்றார். கோடாலியோடு ஓடி வந்தார். நான் முருங்கைக்காய் கேட்டேன். "முருங்கைக்காய்க்கு ஏன் அக்கா சைக்கிள்ல வந்தனீங்கள்?" என்று அன்னம்மாக்கா ஏசிவிட்டு ஆறு காய் சும்மா தந்தார். கலியாணத்துக்குச் சொல்ல வருகிறவர்களும் வெற்றிலைத் தட்டை நீட்டிவிட்டு, "குறை நினையாதேங்கோ அக்கா, நடந்து வாங்கோ" என்பார்கள். நான் நடந்து போவேன். மீன் வாங்கக்கூட என் மனிதர்தான் போவார்.

இதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். சிற்றூழியரைக் கண்டு வேறு எந்த ஊர் எழும்பி நிற்கும்?

இனிக் கருப்பையாவின் கதை.

கருப்பையா மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கலவரத்தோடு வன்னிக்கு வந்த மனிதர். குளத்துக்கு அந்தப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்த சனத்தில் ஒருவர். கால் வீங்கி, வயிறு வீங்கி, படுத்தால் மூச்செடுக்க ஏலாமல், தலையணையை அணைத்துக்கொண்டு இருந்தபடியே ஒன்பது நாள் வாட்டில் இருந்தார். அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. ஒரே ஒரு மகள், சரசு. மூன்று கட்டை தூரத்தில்தான் இருந்தாள். தாய் செத்து ஒரு வருசம் ஆகமுன் தகப்பன் இன்னொருத்தியைக் கூட்டிவந்துவிட்டான் என்று கோபித்துக்கொண்டு போனவள். ஆறு வருசம் பேச்சில்லை. வந்த மற்றவளும் இரண்டு வருசத்தில் போய்விட்டாள்.

பத்தாம் நாள் காலை நான் கருப்பையாவுக்கு முகம் துடைத்துவிடும்போது அவர் என் கையைப் பிடித்தார்.

"அக்கா, சரசு வருமா?"

"சொல்லிவிட்டால் வரும் ஐயா."

"பேசக்கூட வேணாங்க. அந்தக் கதவுகிட்ட வந்து நின்னாப் போதும். ஒரு தரம் பாத்துக்கிட்டேன்னா போதும்."

நான் போய் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும். ஐயா விறாந்தைக்கு வந்தார். வானத்தைப் பார்த்தார். "பாக்கியம், சைக்கிளுக்குக் காத்து இருக்கோ?" என்றார்.

வாளியைப் போட்டுவிட்டு வாட்டுக்குள் ஓடினேன். கருப்பையா தலையணையில் நாடியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். உயிர் இருந்தது. நான் திரும்பி ஐயாவைப் பார்த்தேன்.

"இருக்கிறார்" என்றார் ஐயா. "பின்னேரம் தாண்டாது. மகளைக் கூட்டிக்கொண்டு வர ஏலுமோ?"

பதினாறு வருசத்தில் உயிரோடிருக்கிற ஆளுக்காக நான் சைக்கிள் எடுத்தது அன்றுதான். குளத்துக்கட்டில் நின்றுகொண்டு உழக்கினேன். ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். "ஆர் அக்கா?" என்று ஒருவர் கேட்டார். "ஒருத்தருமில்லை, ஒருத்தருமில்லை" என்று கத்திக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

சரசு முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். பெரிய அண்டா. ஆவி பறந்தது. அவளுடைய மனிதன் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான். என் சைக்கிள் படலையில் நின்றதும் சரசு எழும்பினாள். அண்டாவின் கீழ் இருந்த கொள்ளிக்கட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்தாள். குடத்துத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது.

"சரசு, அடுப்பை ஏன் நூக்கிறாய்? அப்பா உயிரோட இருக்கிறார். உன்னைத்தான் கேக்கிறார். சைக்கிள்ல ஏறு, நான் உழக்குறன்."

அவள் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். என் முறை ஊருக்கே தெரிந்திருந்தது.

எனக்கு நாக்கு ஒட்டியிருந்தது. ஆனால் வாங்கிக் குடித்தால் வழக்கமான செய்தி என்று நினைத்துவிடுவாள் என்று பயந்தேன்.

"தண்ணி வேண்டாம் பிள்ளை. ஏறு கெதியா."

சரசு மனிதனைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தீங்களா, தண்ணிகூட வேணாங்கிறாங்க. சாவு வூட்டுல எப்படிக் குடிப்பாங்க."

"அம்மாளாணை உயிரோட இருக்கிறார்!"

அவளுடைய மனிதன் வைக்கோலைப் போட்டுவிட்டு வந்தான். நல்லவன். என்னிடம் மரியாதையாகச் சொன்னான்: "சத்தியமெல்லாம் எதுக்குங்கக்கா. மனசு தேத்தத்தானே சொல்றீங்க. நல்ல மனசுங்க ஒங்களுக்கு."

எனக்குக் கோபம் வந்தது. "மனசும் மண்ணாங்கட்டியும்! அந்த மனுசன் கதவையே பார்த்துக்கொண்டு கிடக்குது" என்றேன்.

அப்போதுதான் சரசு என்னோடு கதைத்தாள். சத்தம் போடவில்லை.

"எங்க மாமியாருக்கும் நீங்கதானேக்கா வந்து சொன்னீங்க? கொஞ்சம் கடுமையா இருக்கு, ஓடி வாங்கன்னு. நான் வயக்காட்டுலேருந்து செருப்பில்லாம ஓடியாந்தேன். ஒரு முள்ளு ஏறி இந்தப் பக்கம் வந்திருச்சு. கஞ்சி கேக்குமேன்னு போத்தல்ல கஞ்சி ஊத்திக்கிட்டு ஓடினேன். வந்து பாத்தா நாடியக் கட்டி வச்சிருந்தீங்க. ஒரு தடவ ஓடினது போதும்."

எனக்கு அந்தக் கஞ்சிப் போத்தல் ஞாபகம் வந்தது. வாட்டு வாசலில் நின்று அதை என் கையில் தந்தவள் இவள்தான். நான் வாங்கி மேசையில் வைத்தேன். பிறகு யாரோ குடித்தார்கள்.

"ஆறு வருசம் பேசாத மனுசன்" என்றாள் சரசு. "பொணத்துக்கிட்ட என்னத்தப் பேசப்போறேன். நாளைக்குத்தானே எடுப்பாங்க. மாட்டக் கட்டிட்டு, ஆளுகளுக்குச் சொல்லிட்டு வர்றோம். நீங்க போங்கக்கா."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். அயல் பெண்கள் வந்துவிட்டார்கள். வந்த உடனேயே ஒப்பாரி தொடங்கிவிட்டது. உயிரோடு இருக்கிற மனிதனுக்கு அழுகிற அழுகை நடுவே நின்று "இருக்கிறார், இருக்கிறார்" என்று கத்தினேன். ஒரு கிழவி என்னைக் கட்டிப்பிடித்து, "அழு தாயி, அழு, மனசுல வைக்காத" என்றாள்.

தனியே திரும்பி வந்தேன். கருப்பையா கதவைப் பார்த்தபடியே இருந்தார்.

"வருதா?"

"வருது ஐயா. மாடு கட்டிப்போட்டு வருது."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "செவலையா?" என்று கேட்டார். "கன்னுக்குட்டியா இருக்கையில நான்தான் புடிச்சாந்து குடுத்தேன். இன்னும் வச்சிருக்கா?"

"ஓம் ஐயா. வைச்சிருக்கிறா."

அவர் மாட்டைப் பற்றி இன்னும் கேட்டார். பால் எவ்வளவு, கன்று எத்தனை என்று. எனக்குத் தெரியாததை எல்லாம் நான் சொன்னேன். நாலு மணி தாண்டி மூச்சு இடைவெளி விடத் தொடங்கியது. நாலேகாலுக்கு நின்றது. ஐயா மணிக்கூட்டைக் கழற்றினார். கேட்டார். பத்து நிமிடம் கதிரையில் இருந்தார். திரும்பவும் கேட்டார். நான் நாடியைக் கட்டினேன்.

ஐந்து மணிக்குச் சற்று முன்னம் அவர்கள் வந்தார்கள். ஏழெட்டுப் பேர். சரசு மடித்த வேட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே கட்டிலடிக்குப் போனாள். அழவில்லை. குனிந்து தகப்பனின் காலைத் தொட்டாள். பிறகு கையைத் தொட்டாள். பிறகு நெஞ்சில் கையை வைத்து அப்படியே நின்றாள்.

"சூடா இருக்காரே" என்றாள்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"எப்ப?"

என் பக்கத்தில் நின்ற ஐயா மெல்லிய குரலில் கேட்டார்: "பாக்கியம், காலமையே முடிஞ்சுதல்லோ?"

அது கேள்வியல்ல. பதினாறு வருசமாக ஐயாவின் கேள்விகளை அறிந்தவள் நான். காலையிலேயே முடிந்துவிட்டது என்று சொல், நீ அவளிடம் போனபோதே அவர் இல்லை என்று சொல், அவள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னட்டும், நித்திரை கொள்ளட்டும் என்று ஐயா எனக்குச் சொல்லித் தந்தார். பொய் சொல்வது எனக்குப் புதிதா? வருசக்கணக்காய்ச் சொன்னேன்.

அன்றுதான் முதல்தரம் ஐயாவின் கேள்விக்கு நான் பதில் சொன்னேன்.

"இல்லை ஐயா. நாலேகாலுக்கு."

பிறகு சரசுவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "நான் வந்து சொல்லேக்கை உயிரோட இருந்தவர். கடைசிமட்டும் கதவைப் பார்த்தவர்."

சரசு வேட்டியை விரித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மடித்தாள். திரும்பவும் விரித்தாள். "நீங்க சொன்னது நெசந்தான்" என்று மட்டும் சொன்னாள். தகப்பனின் முகத்தை அவள்தான் மூடினாள்.

எல்லாரும் போன பிறகு ஐயா விறாந்தையில் நின்றார். நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சொன்னது உண்மைதான் பாக்கியம்" என்றார். "ஆருக்காகச் சொன்னனீர்?"

ஐயாவின் ஒவ்வொரு கேள்விக்கும் என்ன வேலை செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தேன். இப்போது எழுதுகிறேன்: எனக்காகத்தான் சொன்னேன். ஊரே எழும்பி நிற்கிற என்னை ஒருத்தி நம்பவில்லை என்ற கோபத்தில் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் என் முறையை மாற்றினேன். தண்ணீர் கேட்பதில்லை. கைப்பிடியைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்த்து, "செத்துப்போனார்" என்றே சொன்னேன். உயிரோடு இருந்தால், "இருக்கிறார், ஓடுங்கோ" என்றேன். முதல் வீட்டில் ஒருவர் செம்பை எடுத்து எறிந்தார். வேலியில் பட்டுச் செம்பு நெளிந்தது. மாடு செத்ததுபோல் சொல்கிறாள், நெருப்பு வாய்க்காரி என்று ஊர் பேசியது. பேசட்டும். ஒரு வருசத்துக்குப் பிறகு உடையார்கட்டுப் பக்கம் ஒரு வீட்டில் "இருக்கிறார், ஓடுங்கோ" என்று சொன்னபோது, அந்த மனுசி கேள்வி கேட்காமல் ஓடினாள். அவள் கையால் இரண்டு கரண்டி தண்ணீர் அவர் தொண்டையில் இறங்கியது. அதைப் பார்த்த ஐயா ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு சண்டை நெருங்கி ஆஸ்பத்திரியே இடம்பெயர்ந்தது. கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். அந்த மாதங்களில் செய்தி சொல்ல வீடும் இல்லை, படலையும் இல்லை. ஐயா வழியில் எந்த இடத்தில் எங்களோடு இல்லாமல் போனார் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவேன்.

சண்டை முடிந்து எங்களை வைத்திருந்த முகாமில், தண்ணீர் வரிசையில் சரசுவைக் கண்டேன். ஒரு மஞ்சள் கானோடு எனக்கு முன்னால் நின்றாள். மெலிந்துபோயிருந்தாள். என்னைக் கண்டதும் வரிசையை விட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள்.

"அக்கா, நீங்க கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரியோடதானே இருந்தீங்க. எங்க வீட்டுக்காரரக் கண்டீங்களா? இருக்காரா, இல்லையா? யாரு சொன்னாலும் எனக்கு மனசு ஒத்துக்கல. நீங்க சொன்னா நம்புவேன்."

வைக்கோல் உதறிய அந்த மனிதனை நினைத்துப் பார்த்தேன். நல்ல மனசுங்க ஒங்களுக்கு என்று சொன்னவன். என்னிடம் இரண்டு சொல்தான் இருந்தது. இரண்டும் அவனுக்குப் பொருந்தவில்லை.

"தெரியாது பிள்ளை" என்றேன்.

வரிசை நகர்ந்தது. அவள் போய்க் கானை ஓரடி முன்னுக்குத் தள்ளி வைத்தாள். பிறகு வந்த விண்ணப்பங்களில் அவனை எழுதுவதற்கு "காணாமல் போனவர்" என்று ஒரு சொல் கொடுத்தார்கள். போனவர் என்றால் தானாக எழும்பிப் போனமாதிரி இருக்கிறது. அந்தச் சொல்லைச் சரசு ஏற்றுக்கொண்டாளோ தெரியாது. பிறகு நான் அவளைக் காணவில்லை.

ஊருக்குத் திரும்பி, இன்னும் சில வருசம் வேலை செய்து இளைப்பாறினேன். இப்போது ஒருவரையும் சைக்கிளில் அனுப்புவதில்லை. தாதிப் பிள்ளைகள் கைபேசியில் சொல்லிவிடுகிறார்கள்.

போன வருசம் என் மனிதருக்கு மூச்சு முட்டு வந்து பெரியாஸ்பத்திரியில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார்கள். நாலாம் நாள் காலை ஏழு மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது. இளம் குரல்.

"அம்மா, ஐயாவுக்குக் கொஞ்சம் கடுமையா இருக்கு. உடன வாறீங்களோ?"

எனக்கு வேறு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? கைபேசியை வைத்தேன். அடுப்பை நூர்த்தேன். கோழிகளுக்குப் போட்டேன். சனம் வரும் என்று முற்றம் கூட்டினேன். தலை முழுகினேன். அலுமாரியைத் திறந்து வேட்டி எடுத்துப் பையில் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி, "ஓடுங்கோவன் அக்கா, எட்டரை பஸ் வரப்போகுது" என்றாள். "ஓடி என்ன செய்யிறது" என்றேன். எட்டரை பஸ் என் கண்ணுக்கு முன்னால் போனது. பத்தரை பஸ்ஸில்தான் போனேன்.

வாட்டு வாசலில் நின்று பார்த்தேன். என் மனிதர் தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தார். மூக்கில் குழாய். கண் கதவில் இருந்தது.

அவர்தான் முதலில் கதைத்தார்.

"சைக்கிள்லையோ வந்தனீ? இவ்வளவு நேரம். காத்து இல்லையோ?"

"பஸ்ஸுக்குச் சுணங்கிப்போச்சு" என்றேன். கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"உதென்ன பைக்குள்ளை?"

நான் பையைப் பின்னால் வைத்தேன். அவர் எட்டி ஒரு விரலால் பையின் வாயை விலக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க இரண்டு நிமிடம் ஆனது.

"கோயிலுக்குக் கட்டுற வேட்டியெல்லோ" என்றார். "உதின்ரை கரை கிழிஞ்சு கிடக்கு. நல்லதா ஒண்டைக் கொண்டு வந்திருக்கலாம்."

மூன்று நாள் அவருக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். நல்ல கதை கதைத்தார். கதைக்காத மனிதர், நாற்பது வருசத்துக் கதையை அந்த மூன்று நாளில் கதைத்தார். அந்தப் பத்தரை பஸ்ஸைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒருவேளை அன்று பத்து மணிக்கே முடிந்திருந்தால் என்று நான்தான் நினைத்து நினைத்துப் பார்த்தேன். சரசுவின் கை தகப்பனின் நெஞ்சில் கிடந்த கிடை கண்ணுக்குள் நின்றது.

மூன்றாம் நாள் மத்தியானம், அவர் நித்திரை என்று பார்த்து, சுடுதண்ணீர் எடுக்கப் போத்தலோடு போனேன். வரிசை நீளம். கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். திரும்பி வரும்போது, அன்று கைபேசியில் அழைத்த அந்த இளம் தாதிப் பிள்ளை வாட்டு வாசலில் என்னை மறித்தது.

"அம்மா, ஐயாவுக்குக் கொஞ்சம்..." என்று தொடங்கியது. நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். பிள்ளை நிறுத்தியது. பிறகு, "ஐயா செத்துப்போனார் அம்மா" என்றது.

"சரி மகள்" என்றேன். போத்தலை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். கட்டிலடிக்குப் போனேன். விரிப்பைக் கழுத்துவரைக்கும்தான் இழுத்திருந்தார்கள். முகத்தை எனக்காக விட்டிருந்தார்கள். நெஞ்சில் கை வைத்தேன். சூடாக இருந்தது. கட்டிலுக்குக் கீழே குனிந்து பையிலிருந்து வேட்டியை எடுத்தேன்.

பிள்ளை எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் கேட்டேன்:

"என்னைத் தேடினவரோ?"

"இல்லை அம்மா. நித்திரையிலைதான்."

சொல்லும்போது அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. சேலைன் தொங்கிய கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்திருந்தது, சைக்கிள் கைப்பிடியைப் பிடிக்கிறமாதிரி.

நான் திரும்பக் கேட்கவில்லை.